காசு வைக்காத சீட்டாட்டம்

2025ஆம் ஆண்டு முழுவதும், வீடியோ கேம் விளையாடும் நண்பர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு ஏதாவதொரு புதிய பெயரில்தான் தொடங்கியது. ஏப்ரலில், பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் சுமார் முப்பது பேர் கொண்ட குழு உருவாக்கிய 'கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33' வந்தது, டிசம்பரில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான விருதையும் வாங்கிக்கொண்டது. செப்டம்பர் 4 அன்று, 2019இல் அறிவிக்கப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு மேல் காக்கவைத்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்' ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வெளியானபோது, ஒரே நேரத்தில் வாங்க வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் இணைய விற்பனைத் தளங்கள் சற்று நேரம் முடங்கின. அதே மாதக் கடைசியில் 'ஹேடீஸ் 2' முழுமையடைந்து வந்தது. எல்லாமே நல்ல ஆட்டங்கள். அவற்றைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் வந்து போன பிறகும் என் கைப்பேசியிலும் நண்பர்கள் பலரின் கைப்பேசிகளிலும் இடத்தை விட்டு நகராமல் இருக்கும் ஒரு சீட்டாட்டத்தைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். அதன் பெயர் 'பலாட்ரோ'. வெளியான நாள் 2024 பிப்ரவரி 20.

இதை உருவாக்கியவர் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தைச் சேர்ந்த ஒருவர். லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் மட்டுமே உலகம் அவரை அறியும். உண்மைப் பெயரையும் முகத்தையும் அவர் வெளியிடவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விரும்புகிறார். 2021 டிசம்பரில் பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை இது. போக்கர் என்ற மேலைநாட்டுச் சீட்டாட்டத்தைவிட, நண்பர்களோடு ஆடிவந்த 'பிக் டூ' என்ற கான்டோனியச் சீட்டாட்டமே அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. மிகப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் கருவிகள் எதுவும் இல்லாமல், லுவா என்ற நிரல்மொழியில், லவ் என்ற சிறிய இலவசக் கட்டமைப்பைக் கொண்டு எழுதப்பட்ட இந்த ஆட்டம் வெளியான ஒரு மாதத்துக்குள் 10 லட்சம் பிரதிகளும், 2025 ஜனவரிக்குள் 50 லட்சம் பிரதிகளும் விற்றது. 2024 டிசம்பரில் நடந்த கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த சுயாதீன ஆட்டம், சிறந்த அறிமுக ஆட்டம், சிறந்த கைப்பேசி ஆட்டம் என்று மூன்று விருதுகளைப் பெற்றது. ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான இறுதிப் பட்டியலிலும், பல நூறு பேர் உழைப்பில் உருவான ஆட்டங்களுக்கு நடுவில், இந்த ஒற்றை மனிதரின் சீட்டுக்கட்டு இருந்தது.

ஆடும் முறை எளிது. வழக்கமான 52 சீட்டுகள். கையில் எட்டுச் சீட்டு வரும். அவற்றிலிருந்து அதிகபட்சம் ஐந்தைத் தேர்ந்தெடுத்து இறக்க வேண்டும். இறக்கும் சீட்டுகள் போக்கர் கணக்கில் ஒரு வடிவமாக அமைந்தால் அந்த வடிவத்துக்கு அடிப்படை மதிப்பு உண்டு. ஜோடிக்கு 10, பெருக்கு 2. ஒரே இனத்துச் சீட்டுகள் ஐந்து சேர்ந்த ஃப்ளஷுக்கு 35, பெருக்கு 4. மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்த ஃபுல் ஹவுஸுக்கு 40, பெருக்கு 4. வடிவத்தில் சேர்ந்த சீட்டின் எண் அந்த மதிப்போடு கூடும். ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் பத்து, ஏஸுக்குப் பதினொன்று. கூட்டி வந்த தொகையைப் பெருக்கால் பெருக்கினால் கிடைப்பதே மதிப்பெண். முதல் சுற்றில் தாண்ட வேண்டிய இலக்கு 300. ஏஸ், ராஜா, ஒன்பது, ஆறு, நான்கு என்று ஒரே இனத்தில் ஐந்து சீட்டு கிடைத்தால் 35உம் 40உம் சேர்ந்து 75, நாலால் பெருக்க 300. இலக்கு ஒரே கையில் சரியாகத் தீர்ந்துவிடும். இப்படி நான்கு முறை இறக்கவும், வேண்டாத சீட்டுகளைத் தள்ளிவிட்டு வேறு வாங்கிக்கொள்ளச் சாதாரணமாக மூன்று முறையும் அனுமதி உண்டு. மூன்று சுற்றுகள் கொண்டது ஒரு கட்டம். எட்டுக் கட்டங்களைத் தாண்டினால் வெற்றி.

வெறும் போக்கர் அறிவோடு இரண்டாம் கட்டம் வரை தள்ளாடிப் போகலாம், அதற்கு மேல் முடியாது. ஏனென்றால் எட்டாம் கட்டத்தின் கடைசிச் சுற்றுக்குப் பெரும்பாலும் 1,00,000 மதிப்பெண் வேண்டும். 300இலிருந்து லட்சத்துக்குப் போக உதவுபவை ஜோக்கர்கள். நம் வீடுகளில் ரம்மி ஆடியவர்களுக்கு ஜோக்கர் என்றால் எந்தச் சீட்டுக்கும் பதிலாக வைத்துக்கொள்ளும் சீட்டு. இங்கே அப்படி இல்லை. இங்குள்ள 150 ஜோக்கர்களும் ஆளுக்கொரு விதியைக் கொண்டுவந்து ஆட்டத்தின் விதியை மாற்றுகின்றன. ஒன்று பெருக்கோடு நாலைக் கூட்டும். ஒன்று பெருக்கை மும்மடங்காக்கும். ஒன்று வலப்பக்கத்து ஜோக்கர் செய்வதை அப்படியே நகலெடுக்கும். சுற்றுக்குச் சுற்று வரும் கடையில் இவற்றை வாங்கலாம். சாதாரணமாக ஒரே நேரத்தில் ஐந்து ஜோக்கர்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஜோக்கர்கள் இடமிருந்து வலமாகக் கணக்கிடப்படுகின்றன என்பது தெரிந்த நாளில்தான் இந்த ஆட்டம் எனக்குப் பிடிபட்டது. மூன்று ராஜாவும் இரண்டு ஏழும் சேர்ந்த ஃபுல் ஹவுஸை எடுத்துக்கொள்வோம். 40உம் 44உம் சேர்ந்து 84, பெருக்கு 4, ஆக 336. இப்போது நாலைக் கூட்டும் ஜோக்கர் இடப்புறமும் மும்மடங்காக்கும் ஜோக்கர் வலப்புறமும் இருந்தால் பெருக்கு எட்டாகி, பிறகு 24 ஆகும், மதிப்பெண் 2,016. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் பெருக்கு 12 ஆகி, பிறகு 16 ஆகும், மதிப்பெண் 1,344. சீட்டுகளும் ஜோக்கர்களும் அவையேதான். விரலால் இழுத்து இடம் மாற்றியதற்கு விலை 672. எத்தனையோ ஆட்டங்கள் ஆடுபவரைப் புத்திசாலி என்று வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போகின்றன. இங்கே புத்திசாலித்தனம் கூட்டல் பெருக்கலாகத் திரையிலேயே ஓடுகிறது, எண் ஏற ஏறத் தீப்பற்றியும் எரிகிறது. பள்ளியில் கணக்கைக் கண்டு ஓடிய நண்பர் ஒருவர், இந்த ஆட்டத்தில் கூட்டுவதற்கு முன்பா பின்பா பெருக்க வேண்டும் என்று என்னோடு அரைமணி நேரம் வாதிட்டார்.

மும்மடங்காக்கும் ஜோக்கர்களில் ஒன்றின் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. ஆட்டத்தில் 'க்ரோ மிஷேல்' என்று ஒரு வாழைப்பழ ஜோக்கர் உண்டு. பெருக்கோடு 15ஐக் கூட்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆறில் ஒரு வாய்ப்பில் அழிந்துபோகும். அது அழிந்த பிறகுதான் 'கேவண்டிஷ்' என்ற இன்னொரு வாழைப்பழம் கடைக்கு வரத் தொடங்கும். அது பெருக்கை மும்மடங்காக்கும். அழியும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான். மேலை நாடுகளுக்கு ஏற்றுமதியான க்ரோ மிஷேல் வாழை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பனாமா வாடல் நோயால் வணிகத் தோட்டங்களிலிருந்து துடைத்தெறியப்பட்டதும், அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷ் அதன் இடத்தைப் பிடித்ததும் உண்மையான வேளாண் வரலாறு. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் மோரிஸ் என்றும் பச்சை வாழை என்றும் தொங்குவதும் அந்தக் கேவண்டிஷ் குடும்பத்துப் பழம்தான். ஒரு பயிரின் அழிவையும் அதற்குப் பின் வந்ததையும் இரண்டு சீட்டுகளில், ஒரு சொல் விளக்கம்கூட இல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். ஆயிரத்தில் ஒன்று என்று எழுதியிருக்கும் கேவண்டிஷ் கண்ணெதிரே அழிந்ததைப் படம் பிடித்துப் போடுபவர்களின் புலம்பலும் இணையத்தில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கிறது.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றை முடித்தால் மூன்று, நான்கு, ஐந்து டாலர் என்று பரிசு வரும். அதைக் கொண்டு ஜோக்கர் வாங்கலாம். ஒவ்வொரு போக்கர் வடிவத்தின் மதிப்பையும் நிரந்தரமாக உயர்த்தும் கோள் சீட்டுகளை வாங்கலாம். சீட்டுக்கட்டிலிருந்தே சீட்டுகளை அழிக்கவும் மாற்றவும் உதவும் டாரட் சீட்டுகளை வாங்கலாம். ஆனால் கையிருப்பில் ஒவ்வொரு ஐந்து டாலருக்கும் ஒரு டாலர் வட்டி உண்டு, அதிகபட்சம் ஐந்து. ஆகவே 25 டாலரைத் தொடாமல் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து டாலர் சும்மா வரும். முதல் இரண்டு கட்டங்களில் நாக்கைக் கட்டிக்கொண்டு சேமிப்பதா, இப்போதே வாங்கிப் பலப்படுத்திக்கொள்வதா என்ற கேள்விதான் ஆட்டத்தின் உண்மையான மையம் என்று நான் நினைக்கிறேன். சேமித்துக்கொண்டே இருப்பவர் மூன்றாம் கட்டத்தில் நிறையப் பணத்தோடு தோற்பார். கண்டதையெல்லாம் வாங்குபவர் ஆறாம் கட்டத்தில் தேவையான ஒரு ஜோக்கர் எதிரே நிற்கும்போது கையில் காசில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

கட்டந்தோறும் மூன்றாவதாக வரும் சுற்றுக்குத் தனிச் சட்டம் இருக்கும். 'ஊசி' என்று ஒன்று: ஒரே ஒரு கைதான் இறக்கலாம். 'கண்' என்று ஒன்று: ஒரு முறை இறக்கிய வடிவத்தை மறுபடி இறக்கக் கூடாது. 'கொக்கி' என்று ஒன்று: ஒவ்வொரு கைக்குப் பிறகும் நம்மிடமிருந்து இரண்டு சீட்டுகளைப் பிடுங்கி எறியும். ஃப்ளஷ் ஒன்றையே நம்பிக் கட்டிய அருமையான அமைப்பு, அந்த இனத்தையே செல்லாததாக்கும் சுற்று வந்தால் அப்படியே சரியும். தோற்றால் எல்லாம் போயிற்று: ஜோக்கர், காசு, உயர்த்திய மதிப்பு எதுவும் மிஞ்சாது, மறுபடி 300இலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அடுத்த முறை அந்தச் சுற்றின் பெயரைக் கட்டத்தின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டு, அதற்கேற்ப முன்கூட்டியே ஏற்பாடு செய்யும் ஒருவராக நாம் மாறியிருப்போம்.

கும்பகோணத்தில் ஒரு நிச்சயதார்த்த மாலையில், கூடத்தில் பாய் விரித்துப் பெரியவர்கள் ரம்மி ஆடிக்கொண்டிருந்தபோது, ஓரமாக உட்கார்ந்து நான் கைப்பேசியில் இதை ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டத்திலிருந்து எழுந்து வந்த தாய்மாமா எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஆன்லைன் ரம்மியா?"

"இல்லை மாமா. இதில் காசே கிடையாது."

"காசு இல்லாமலா இவ்வளவு பளபளப்பு?"

நம்பாமல்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது என்னிடம் 'பேரன்' (பிரபு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) என்ற ஜோக்கர் இருந்தது. இறக்காமல் கையிலேயே வைத்திருக்கும் ஒவ்வொரு ராஜாவுக்கும் அது பெருக்கை ஒன்றரை மடங்காக்கும். கையில் மூன்று ராஜாக்களை வைத்துக்கொண்டு நான் ஏதோ ஒரு நாலை இறக்கியதும் மாமாவால் பொறுக்க முடியவில்லை. "ராஜாவை முதல்ல இறக்கு மாப்பிள்ளை, கையில வெச்சிருந்தா பாயிண்ட் ஏறும்" என்றார். பதின்மூன்று சீட்டு ரம்மியில் அவர் சொன்னது வேத வாக்கு. எதிராளி முடித்துவிட்டால் சேராத ராஜா ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி நம் தலையில் ஏறும். ஆகவே பெரிய சீட்டைச் சீக்கிரம் கழற்றிவிட வேண்டும் என்பது அவருக்கு விரல்களிலேயே ஊறிய அறிவு. இங்கே அதே ராஜாக்கள் கையில் தங்கினால்தான் லாபம் என்று திரையில் எண் ஏறுவதைக் கண்டதும் "இது என்ன தலைகீழா இருக்கு" என்று சிரித்தார். சாப்பிடக் கூப்பிடும் வரை நகரவில்லை.

ஆனால் அவருடைய முதல் கேள்வி சரியான கேள்வி. தமிழ்நாட்டில் கைப்பேசித் திரையில் சீட்டைப் பார்க்கும் எந்தப் பெரியவரும் அதைத்தான் முதலில் கேட்பார், கேட்கவும் வேண்டும். 2003இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்த மாநிலம் இது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த பிறகு, 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்ட முன்வரைவை நிறைவேற்ற, ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரில், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று சேர்த்திருந்த பட்டியலை மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடு இல்லாமல், நாடு முழுவதும் தடை செய்து சட்டம் இயற்றியது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் ஆட்டங்களுக்கு வயது வரம்பு நிர்ணயிக்கும் பெகி அமைப்பு, வெளியான சில நாட்களிலேயே பலாட்ரோவின் வரம்பை 3 வயதிலிருந்து 18 வயதுக்கு உயர்த்தியது. அதனால் சில நாடுகளின் விற்பனைத் தளங்களிலிருந்து ஆட்டம் தற்காலிகமாக இறக்கப்படவும் நேர்ந்தது. காரணம், சூதாட்டம்போல் தோற்றமளிக்கிறது என்பது. இதே பெகி, உண்மையான பணம் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொதிகளை வாங்க வைக்கும் கால்பந்து ஆட்டங்களுக்கு 3 வயதே போதும் என்று முத்திரை குத்தியிருக்கிறது என்பதை லோக்கல்தங்க் பொதுவெளியில் சுட்டிக்காட்டினார். வெளியீட்டாளர் மேல்முறையீடு செய்து, 2025 பிப்ரவரியில் வரம்பு 12ஆகக் குறைக்கப்பட்டது. இதற்கிடையில் லோக்கல்தங்க் செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது: தன் உயிலில், பலாட்ரோவின் உரிமையை எந்தச் சூதாட்ட நிறுவனத்துக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்.

சூதாட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு காசு மட்டும்தானா என்று நான் யோசித்ததுண்டு. காசு முக்கியம்தான். பணம் வைத்து ஆடும் செயலிகள் ஒவ்வொரு மேசையிலிருந்தும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஆடுபவர்கள் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், எவ்வளவு கெட்டிக்காரர்கள் ஆனாலும், அவர்கள் மொத்தமாக இழந்தே தீர வேண்டும். பலாட்ரோவில் வாய்ப்புகள் சீட்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன: ஆறில் ஒன்று, நாலில் ஒன்று, பதினைந்தில் ஒன்று. அந்த வாய்ப்புகளையெல்லாம் இரட்டிப்பாக்கும் ஜோக்கர்கூட உண்டு. அதாவது பகடையை நமக்குச் சாதகமாகச் சாய்ப்பதே இங்கு ஆட்டம். இவ்வளவு வெளிப்படையாக இருந்தும், 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' என்ற சீட்டைத் தட்டிவிட்டுத் திரையில் "நோப்!" என்ற சொல் வரும்போது எரிச்சல் வராதவர் எவரும் இல்லை. நாலில் ஒரு வாய்ப்பு என்றால் நாலில் மூன்று முறை தோல்வி என்பதை அறிவு ஏற்றாலும் மனம் ஏற்பதில்லை. அந்த உண்மையைப் பணம் இழக்காமல் பழகிக்கொள்ள இதைவிட மலிவான இடம் இல்லை.

சூதாட்டத்தின் பளபளப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அறிந்தவர்களே அதன் மறுபக்கத்தில் நல்ல ஆட்டங்களைச் செய்வதும் நடக்கிறது. 'வாம்பயர் சர்வைவர்ஸ்' என்ற ஆட்டத்தை உருவாக்கிய லூகா கலாந்தே முன்பு சூதாட்ட ஆட்டத் துறையில் நிரலாளராக இருந்தவர். அவருடைய ஆட்டத்தில் புதையல் பெட்டி திறக்கும்போது எழும் ஒளியும் இசையும் அந்தத் தொழிலிலிருந்து வந்த கைநேர்த்தி. ஆனால் பெட்டியைத் திறக்க யாரும் காசு கேட்பதில்லை. மிகக் குறைந்த விலைக்கு விற்ற அந்த ஆட்டம் 2023இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த ஆட்டம் விருதை வென்றது. இருந்தாலும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது: காசு போகாவிட்டாலும் நேரம் போகும். "இன்னும் ஓர் ஆட்டம்" என்று இரவு ஒரு மணியைத் தாண்ட வைக்கும் திறமையில் இவையும் சளைத்தவையல்ல. பலாட்ரோவின் கைப்பேசி வடிவம் 2024 செப்டம்பரில் வந்த பிறகு அந்த ஆபத்து பேருந்துக்கும் படுக்கைக்கும் வந்துவிட்டது.

சில்க்சாங்கில் மூழ்கியிருக்கும் நண்பர் ஒருவர், பலாட்ரோ வெறும் அதிர்ஷ்டம் என்பார். விரலின் வேகமும் துல்லியமும் தீர்மானிக்கும் ஆட்டம்தான் அவருக்கு ஆட்டம். அவரிடம் நான் முன்வைத்த பதில் இந்த ஆட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு உண்டு. அதே குறியீட்டை இன்னொருவர் இட்டால் அவருக்கும் அதே தொடக்கச் சீட்டுகள், அதே கடை. நாங்கள் இருவரும் ஒரே குறியீட்டில் ஆடினோம். முதல் கடையில் இருவருக்கும் அதே இரண்டு ஜோக்கர்கள். அவர் பெருக்கைக் கூட்டும் ஜோக்கரை வாங்கினார். நான் சுற்று முடிவில் காசு தரும் ஜோக்கரை வாங்கினேன். அவர் முதல் இரண்டு கட்டங்களை என்னைவிட எளிதாகத் தாண்டினார், நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். நாலாம் கட்டத்தில் நிலைமை மாறியது. அன்று நான் வென்றேன் என்பது பெரிதல்ல. அடுத்த குறியீட்டில் நான் காசு ஜோக்கரைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் கட்டத்திலேயே கவிழ, அவர் ஏழாம் கட்டம் வரை போனார். எது எப்போது வாங்கத்தக்கது என்பதற்கு விதி இல்லை. கையிலிருப்பதையும் வரப்போகும் சுற்றையும் வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாக எடை போட வேண்டியிருக்கிறது. மிகக் கடினமான நிலையிலும் தொடர்ந்து வெல்லும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதும் அதிர்ஷ்டக் கட்சியின் வாதத்தைப் பலவீனமாக்குகிறது.

தோற்றால் எல்லாவற்றையும் இழந்து முதலிலிருந்து தொடங்கும் இந்தப் பாணி புதிதல்ல. 1980 அளவில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் மாணவர்களாக இருந்த மைக்கேல் டாய், க்ளென் விச்மன் இருவரும் எழுதிய 'ரோக்' என்ற ஆட்டத்திலிருந்து இது தொடங்குகிறது. திரையில் வெறும் எழுத்துகள். ஆடுபவர் ஓர் @ குறி, அரக்கர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். ஒவ்வொரு முறையும் சுரங்கம் புதிதாக அமையும், செத்தால் செத்ததுதான். பல்கலைக்கழகக் கணினிகளின் பழைய விளையாட்டாக இருந்த அந்த எண்ணம், சியாட்டிலைச் சேர்ந்த மெகா கிரிட் என்ற சிறு குழு 2019 ஜனவரியில் முழுமையாக வெளியிட்ட 'ஸ்லே தி ஸ்பையர்' மூலம் சீட்டுக்கட்டோடு சேர்ந்து பரவலானது. எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும் அந்த ஆட்டத்தின் நேர்மைதான் பலாட்ரோவின் அச்சிட்ட வாய்ப்புகளுக்கும் அடிப்படை என்பது என் கருத்து.

இந்த மரபிலேயே இன்னொரு கிளையும் உண்டு: தோற்றாலும் ஏதாவது ஒரு பலம் நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டே போகும். ஹேடீஸ் அப்படிப்பட்டது. இருபது முறை தோற்றவரின் கதாபாத்திரம் முதல்முறை ஆடுபவருடையதைவிட உண்மையிலேயே வலுவானது. அதில் கதை அழகு, சண்டை அழகு, எல்லாம் சரி. ஆனால் நான் தேறினேனா, என் எண்கள் தேறினவா என்று எனக்குத் தெரியாமல் போகிறது. பலாட்ரோவிலும் புதிய ஜோக்கர்களும் புதிய சீட்டுக்கட்டுகளும் ஆட ஆடத் திறக்கின்றன என்றாலும் தொடக்க நிலை கூடுவதில்லை. எல்லாம் அதே 300, அதே நாலு கை.

2025 ஏப்ரலில் வந்த 'ப்ளூ பிரின்ஸ்' இந்த எண்ணத்தை வேறோர் எல்லைக்குக் கொண்டுபோனது. டோண்டா ரோஸ் என்பவர் எட்டு ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது. தாத்தா முறையுள்ள உறவினர் விட்டுச்சென்ற மாளிகை. 45 அறைகள் கொண்ட அதில் 46ஆவது அறையைக் கண்டுபிடித்தால் சொத்து நமக்கு. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். நாள் முடிந்தால் மாளிகை மறுபடி காலியாகிவிடும். மிஞ்சுவதில் பெரும்பகுதி நம் தலையிலும் குறிப்பேட்டிலும் இருப்பவைதான். அதை ஆடும்போது பக்கத்தில் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டேன். ஆட்டம் தொடக்கத்திலேயே அப்படிச் செய்யச் சொல்கிறது. புதிர்களில் பாதி அபாரம். ஆனால் தெரிந்த விடையைச் செய்து பார்க்கத் தேவையான அறை வராமல் நாள் கணக்கில் காத்திருக்கும் பிற்பகுதி எனக்கு அலுப்பூட்டியது. அறிவு முழுதாக வந்த பிறகும் அதிர்ஷ்டம் வழிமறித்தால் ரசிக்க முடிவதில்லை. பலாட்ரோவில் அப்படி நேர்ந்தால் ஓர் ஆட்டம்தான் வீணாகும், வாரம் வீணாகாது.

பலாட்ரோவிலேயே எனக்கு ஒவ்வாத ஒரு போக்கும் உண்டு. எட்டுக் கட்டம் தாண்டிய பிறகும் முடிவில்லாமல் தொடரலாம். சிலர் ராஜாக்கள் மட்டுமே கொண்ட கட்டைச் செதுக்கி, பேரனையும் நகலெடுக்கும் ஜோக்கர்களையும் வரிசையாக அடுக்கி, கணினி எண்ணாகச் சேமிக்கக்கூடிய எல்லையையே தாண்டிவிடுகிறார்கள். அப்போது மதிப்பெண் இருக்கும் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக 'நேனின்ஃப்' என்று பொருளற்ற ஓர் எழுத்துக்கோவை தோன்றும். அதை எட்டுவதற்கென்றே வழிகாட்டிக் காணொளிகள் குவிந்துகிடக்கின்றன. பார்க்க வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன. எந்த ஜோக்கர், எந்தச் சீட்டு என்று பட்டியல் தயார். கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும் சுவை அதில் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தக் காணொளிகளைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் கிடைக்கும் சிவப்புக் கட்டோடு, வருவதை வைத்து ஆடிப் பார்ப்பது நல்லது.

கடின நிலைகள் எட்டு உண்டு. மேலே போகப்போக நிலைமை மோசமாகும்: கட்டத்தின் முதல் சுற்றுக்குப் பரிசு கிடையாது, இலக்குகள் வேகமாக ஏறும், விற்கவே முடியாத ஜோக்கர்கள் வரும், ஐந்து சுற்றில் செயலிழக்கும் ஜோக்கர்கள் வரும். கடைசியான தங்க நிலையில் வாடகை ஜோக்கர்கள் வருகின்றன. ஒரு டாலருக்கு வாங்கலாம், ஆனால் சுற்றுக்கு மூன்று டாலர் வாடகை. சென்னையில் குடியிருப்பவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இப்போது நான் ஆடுவது பிளாஸ்மா என்ற கட்டு. இதில் கூட்டுத் தொகையையும் பெருக்கையும் சேர்த்து இரண்டாகப் பகுத்து, இரு பக்கமும் சமமாக்கிய பிறகுதான் பெருக்குகிறார்கள். பதிலுக்கு இலக்குகள் எல்லாம் இரு மடங்கு. முன்பு 336 தந்த அதே ஃபுல் ஹவுஸ் இங்கே 84உம் 4உம் சேர்ந்து 88, பாதி 44, நாற்பத்துநாலை நாற்பத்துநாலால் பெருக்க 1,936. மற்றக் கட்டுகளில் கூட்டுத் தொகையை மட்டும் உயர்த்தும் ஜோக்கர்களை நான் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 'ஸ்டன்ட்மேன்' என்ற ஜோக்கர் அப்படிப்பட்டது. 250ஐக் கூட்டும், ஆனால் கையில் வரும் சீட்டுகளில் இரண்டைக் குறைத்துவிடும். பிளாஸ்மாவில் அதே ஃபுல் ஹவுஸோடு அது சேர்ந்தால் 334உம் 4உம், பாதி 169, மதிப்பெண் 28,561. மற்றக் கட்டில் இதே கை 1,336தான் தரும். இடம் வலம் என்று நான் கற்றுவைத்த ஒழுங்கில் கணிசமான பகுதியை இந்தக் கட்டில் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. ஜோடியை நம்புவதா ஃபுல் ஹவுஸை நம்புவதா என்பதுகூட இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. ஆறு சீட்டுக் கையோடு ஃபுல் ஹவுஸ் அமைவது அரிது, ஜோடி என்றால் அநேகமாக எப்போதும் இருக்கும்.